நம் எடிட்டரில் இல்லாத கட்டளை

போன வாரம், நம் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"மேடம், காலேஜ்ல நான் யூஸ் பண்ண அதே எடிட்டர்தான் இங்கயும். ஆனா 'டிஸ்கார்ட் ஆல் சேஞ்சஸ்'னு ஒரு பட்டன் இருக்கணும், அத மட்டும் காணோம். பிஸ்வாஸ் சார்ட்ட கேட்டேன். தீதிகிட்ட கேளுன்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிட்டார்" என்றாள்.

கேட்க வேண்டிய கேள்விதான். பதில் கொஞ்சம் நீளம். அவளுக்கு மட்டும் சொல்வதைவிட, அண்மையில் சேர்ந்த உங்கள் எல்லோருக்குமாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். ஓய்வு பெற்றவளுக்கு வேறென்ன வேலை? பாம்பூஃப்ளாட்டில் மழை பிடித்துக்கொண்டிருக்கிறது. துணியும் காயப்போவதில்லை.

நீங்கள் வந்தபோது எல்லாம் தயாராக இருந்தது. ஃபோல்டரைத் திறந்தால் மாற்றிய கோப்பில் சிவப்புப் புள்ளி, பத்திரமான கோப்பில் பச்சைப் புள்ளி. நிரல் எழுதும் எடிட்டரின் ஓரத்தில் யார் எப்போது எதை மாற்றினார்கள் என்ற வரலாறு. நேற்றைய நிலைக்குப் போக வேண்டுமா, ஒரு சொடுக்கு. இவையெல்லாம் மென்பொருளோடு கூடவே பிறந்தவை என்று நினைத்திருப்பீர்கள். இல்லை. ஒவ்வொன்றையும் ஒட்டவைத்த கைகள் இருக்கின்றன.

நம் நிறுவனம் தீவுகளுக்கிடையே ஓடும் படகுகளுக்கு டிக்கெட் மென்பொருள் எழுதித் தருகிறது. அன்றும் அதே வேலைதான். அபர்தீன் பஜாருக்குப் பின்னால் மாடியில் ஒரே அறை. நான், பிஸ்வாஸ், நசீர், எங்களுக்கு மேலே மேலாளர் சங்கரன் சார். பிஸ்வாஸ் கராச்சர்மாவில் வீடு கட்டிக்கொண்டு குடியேறிய வங்காளி. எங்களில் மிக நன்றாக நிரல் எழுதுபவர். என்னை அக்கா என்ற பொருளில் 'தீதி' என்பார், நான் அவரை அண்ணன் முறையில் 'பிஸ்வாஸ்-தா' என்பேன். இருவரும் இந்தியில்தான் பேசிக்கொள்வோம். உங்களுக்காக இங்கே தமிழில் எழுதுகிறேன். நசீர் போர்ட் பிளேரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன். அவன் அத்தா பஜாரில் பாத்திரக்கடை வைத்திருந்தார்.

அப்போது எங்கள் நிரலெல்லாம் பென் டிரைவில் பயணம் செய்தது. 'ஃபைனல்' என்று ஒரு ஃபோல்டர், 'நியூ ஃபைனல்' என்று இன்னொன்று, 'ஃபைனல் நசீர் தொடாதே' என்று மூன்றாவது. பிஸ்வாஸ் பாடுபட்டுச் சரிசெய்த பிழையின் மேல் நசீர் தன்னுடைய பழைய கோப்பைத் தெரியாமல் போட்டுவிடுவான். தீர்ந்துபோன பிழை மறுபடி உயிர்த்தெழும். பிஸ்வாஸ் வாயைத் திறந்து திட்டமாட்டார். நாற்காலியைத் திருப்பிக்கொண்டு ஜன்னலைப் பார்ப்பார். அது திட்டுவதைவிட மோசம்.

பதிப்புகளைக் காக்கும் மென்பொருள் ஒன்றைக் கொண்டுவந்தே தீர வேண்டும் என்று நான் முடிவு செய்தேன். முதலில் கறுப்புத் திரையில் கட்டளைகளாகச் சொல்லிக்கொடுத்தேன். இருவரும் பொறுமையாகத் தலையாட்டினார்கள். மறுநாள் பார்த்தால் பென் டிரைவ் கைமாறிக்கொண்டிருந்தது. ஒரு மாதம் விடாமல் சொன்னேன். ஒரு மாதமும் தலையாட்டினார்கள்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. இவர்கள் வேறொரு ஜன்னலுக்கு வரப்போவதில்லை. இவர்கள் நாள் முழுவதும் உட்கார்ந்திருக்கும் ஜன்னலுக்குள் அதைக் கொண்டுபோய் வைத்தால்தான் நடக்கும். எடிட்டரோடு இணைக்கும் நீட்சி நிரல்களை இறக்கப் பார்த்தால் நம் ஊர் இணையம் பாதியில் நின்று நின்று போனது. மெயின்லேண்டில் படித்துக்கொண்டிருந்த என் அண்ணன் மகள் விடுமுறைக்கு வந்தபோது ஒரு பென் டிரைவில் எல்லாவற்றையும் போட்டு எடுத்து வந்தாள். பென் டிரைவை ஒழிக்கும் மருந்தும் பென் டிரைவில்தான் வந்தது. மூலப் பிரதியை இணையத்தில் வைக்காமல், அலுவலகத்திலேயே மேசைக்கடியில் ஒரு கணினியில் வைத்தோம். இணையக் கேபிள் அறுந்துபோனாலும் வேலை நிற்காது.

நசீர் ஒரே வாரத்தில் பழகிக்கொண்டான். பிஸ்வாஸ் பயன்படுத்தினார், ஆனால் நம்பவில்லை. "முழுசா முடிச்ச பிறகுதான் உள்ளே போடுவேன் தீதி. அரைவேக்காட்டை அடுத்தவன் இலையில் வைக்கக் கூடாது" என்பார். அவர் சொன்னது மரியாதையான வார்த்தையாகவே எனக்குப் பட்டது.

இனி அந்த மழைக்காலத்துக்கு வருகிறேன்.

கடல் கொந்தளிப்பு என்று, தொலைவிலுள்ள ஹட்பேக்குப் போய்வரும் படகைத் தொடர்ந்து பல நாட்கள் நிறுத்தி வைத்திருந்தார்கள். உங்களில் மெயின்லேண்டிலிருந்து வந்தவர்களுக்குச் சொல்கிறேன்: ஹட்பேயில் இருக்கும் சிறிய ஆஸ்பத்திரியால் முடியாத நோயாளிகளைப் போர்ட் பிளேருக்கு அனுப்புவார்கள். அந்த வானிலையில் ஹெலிகாப்டரும் பறக்கவில்லை. படகு மறுபடி ஓடும் நாளில் எல்லோரும் ஒரே சமயத்தில் கவுண்டருக்கு வருவார்கள். நோயாளிகளுக்கென்று சில படுக்கை இடங்களை வாய்வார்த்தையாக ஒதுக்கி வைப்பது வழக்கம். வாய்வார்த்தைதானே, கடைசியில் யாருக்காவது தெரிந்தவர் அதில் படுத்துக்கொண்டு வருவார். நோயாளி அடுத்த படகுக்குக் காத்திருப்பார்.

இதை மென்பொருளே தடுக்க வேண்டும் என்று வேலை எங்களுக்கு வந்தது. ஆஸ்பத்திரி கொடுக்கும் எண்ணைத் தட்டினால்தான் அந்தப் படுக்கைகள் திறக்க வேண்டும். வேறு யார் கேட்டாலும் மென்பொருள் மறுக்க வேண்டும். பிஸ்வாஸ் அந்த மழை நாட்கள் முழுவதும் அதிலேயே கிடந்தார். யாருக்குப் படுக்கை என்று முடிவுசெய்யும் தர்க்கத்தை எடிட்டரில் எழுதினார். கவுண்டரில் தெரியும் திரைகளை வேறொரு வரைகருவியில் அழகழகாகச் செய்தார். எங்கள் பதிப்பு வரலாற்றில் எதையும் சேர்க்கவில்லை. இன்னும் முடியவில்லையாம்.

ஒரு நாள் காலையில் செய்தி வந்தது: நாளை படகு போகிறது, இன்று பிற்பகல் ஹட்பேயில் கவுண்டர் திறக்கும். சங்கரன் சார் அறைக்கே வந்து, "இன்னைக்கே ஏத்திரணும் பிஸ்வாஸ்" என்று சொல்லிவிட்டுப் போனார். சற்று நேரத்தில் பிஸ்வாஸின் இருக்கையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பெரிய சத்தமில்லை. மூச்சை உள்ளே இழுத்தவர் வெளியே விட மறந்துபோன மாதிரி.

"தீதி, இங்கே எதுவுமே இல்லை."

எடிட்டரின் ஓரப் பட்டையில், சேர்க்கப்படாத மாற்றங்களின் எண்ணிக்கை பல நாட்களாகப் பெருகிக்கொண்டே வந்திருக்கிறது. அவர் அவற்றை நசீர் செய்த மாற்றங்கள் என்று நினைத்திருக்கிறார். பென் டிரைவ் காலத்தில் பட்ட அடி மனதில் இருந்தது. நசீருடையது தன் வேலையின் மேல் வந்து விழுந்துவிடக் கூடாது என்று, ஏற்றுவதற்கு முன்னால், 'எல்லா மாற்றங்களையும் கைவிடு' என்பதை அழுத்தியிருக்கிறார். உறுதியாகவா என்று ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறது. உறுதியாக என்றிருக்கிறார். தன் வேலையைக் காப்பாற்றப் போய்த் தன் வேலை முழுவதையும் தானே அழித்துவிட்டார்.

நசீர் துள்ளி எழுந்தான். "மேடம், எங்கிட்ட ரெக்கவரி சாஃப்ட்வேர் இருக்கு. இப்பவே அதுல இன்ஸ்டால் பண்ணி எடுத்துரலாம்." பென் டிரைவை எடுத்துக்கொண்டு பிஸ்வாஸின் கணினியிடம் ஓடிவிட்டான்.

"தொடாதடா!" என்று கத்தினேன். அந்த அறையில் நான் கத்தியது அதுதான் முதல் தடவை. அழிந்த கோப்பு வட்டிலிருந்து உடனே மறைந்துவிடாது. அதன் இடத்தில் வேறு எதையாவது எழுதினால்தான் உண்மையில் போகும். அவன் போடவிருந்த மீட்பு மென்பொருளே அதன் மேல் உட்கார்ந்துகொண்டிருக்கும். நல்ல மனதோடு ஓடுகிற கையைத்தான் முதலில் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கும். இதை மறந்துவிடாதீர்கள்.

"எல்லாரும் கைய எடுங்க. பிஸ்வாஸ்-தா, நீங்க எழுந்து என் நாற்காலியில உட்காருங்க. நசீர், நீ உன் மெஷின்ல புதுசா ஒரு ஃபைலைத் திற. அவர் என்னென்ன எழுதினார்னு சொல்லச் சொல்ல டைப் பண்ணு. கோடா வராட்டியும் பரவாயில்ல, வார்த்தையா எழுது."

பிஸ்வாஸ் எழுந்து வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தார். மீட்க முடிந்தாலும் முடியாவிட்டாலும், அவர் மனதிலிருப்பது கலைவதற்கு முன் வெளியே வந்துவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அவருக்கும் செய்வதற்கு ஒரு வேலை வேண்டும். முதலில் தட்டுத் தடுமாறினார். போகப் போகக் குரல் நிதானமானது.

நான் அவர் கணினி முன் உட்கார்ந்து, எதையும் எழுதாமல், பார்க்க மட்டும் செய்தேன். பதிப்பு வரலாற்றில் ஒன்றும் கிடையாது. அவர்தான் சேர்க்கவே இல்லையே. ஆனால் நம் எடிட்டருக்குத் தனியாக ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் ஒரு நகலைத் தன் மூலையில் ஒதுக்கி வைத்துக்கொள்ளும். அந்த மூலையைத் திறந்தேன். இருந்தது. தர்க்கக் கோப்புகள் ஒவ்வொன்றும், அவர் கடைசியாகச் சேமித்த நிலையில். அவற்றை முதலில் மேசைக்கடியில் இருந்த கணினிக்கு நகலெடுத்தேன். அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்து சொன்னேன்.

நசீர் கைதட்டினான். பிஸ்வாஸ் என் முகத்தைப் பார்த்தார். "திரைகள்?"

திரைகள் இல்லை. அவர் அவற்றை வரைந்தது வேறு கருவியில். அதே ஃபோல்டரில் கிடந்ததால் மற்றவற்றோடு அவையும் அழிந்தன; எடிட்டர் அவற்றைச் சேமித்ததே இல்லை, அதனால் நகலும் இல்லை.

சங்கரன் சார் விஷயம் தெரிந்து வந்து நின்றார். "முடியாதுன்னா இப்பவே சொல்லிருங்க. பழசே ஓடட்டும். அடுத்த படகுக்குப் பாத்துக்கலாம்."

பிஸ்வாஸ், "நான் திரைகளைத் திரும்ப வரைந்துவிடுகிறேன். சாயங்காலம் ஆகும்" என்றார்.

சாயங்காலம் வரையோ, வட்டை அலசித் திரைகளை மீட்கும் வரையோ ஹட்பே வரிசை காத்திருக்காது. அடுத்த படகு என்றால் அதற்குள் கடல் என்ன நினைக்குமோ தெரியாது. இரண்டு பேரும் முழுசாகச் செய்வது, இல்லையென்றால் ஒன்றுமே செய்யாமல் விடுவது என்று இரண்டு முனைகளில் நின்றார்கள். இடையில் ஏதாவது இருக்க வேண்டும் என்று பழைய திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே 'குறிப்பு' என்று ஒரு பெட்டி. யாரும் அதில் எதையும் எழுதியதில்லை.

"ஆஸ்பத்திரி எண்ணை இந்தப் பெட்டியில தட்டச் சொன்னா, உங்க லாஜிக் அதைப் படிக்குமா?"

பிஸ்வாஸ் யோசித்தார். "படிக்க வைக்கலாம். பார்க்க அசிங்கமா இருக்கும் தீதி."

"இருக்கட்டும்."

அவர் செய்து முடித்தார். சங்கரன் சார், "ஏத்துங்க" என்றார். ஒரே ஒரு தடவை சோதித்துவிட்டு ஏற்றுவோம் என்று நான் பிடிவாதமாக நின்றேன். நசீர் சாதாரணப் பயணியாக, எண் எதுவும் தராமல், நோயாளிப் படுக்கையைக் கேட்டான். மென்பொருள் தாராளமாக டிக்கெட் போட்டுக் கொடுத்துவிட்டது.

கவுண்டர் திறக்கப்போகிறது என்று ஹட்பேயிலிருந்து தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. பிஸ்வாஸ் கண்ணை மூடினார். பிறகு நசீரைக் கூப்பிட்டு, "நான் சொல்லச் சொல்ல எழுதினாயே, அதில் கடைசியாக நோயாளிப் படுக்கை பற்றி என்ன சொன்னேன், படி" என்றார்.

நசீர் படித்தான். "எண் இல்லேன்னா திரையிலேயே மறுத்துரும், உள்ள போகவே விடாது."

"அதுதான். மறுக்கும் வேலையைத் திரையில் வைத்திருந்தேன். திரையோடு அதுவும் போய்விட்டது." அவர் எடிட்டரைத் தன் பக்கம் இழுத்துச் சில வரிகள் எழுதினார். நசீர் மறுபடி கேட்டான். மென்பொருள் மறுத்தது. எண்ணோடு கேட்டான். கொடுத்தது. அந்த நிலையை அவரே, யாரும் சொல்லாமல், வரலாற்றில் சேர்த்தார். அதன் பிறகு ஏற்றினோம்.

கவுண்டரில் இருந்த லட்சுமியிடம் குறிப்புப் பெட்டியைத் தொலைபேசியிலேயே விளக்கினேன். அவர் தெலுங்குக்காரர்; தைரியசாலி. லைனைத் துண்டிக்காமலே வேலையைத் தொடங்கினார். தகரக் கூரைமேல் மழை, ஸ்ட்ரெச்சரை நகர்த்தும் சத்தம், குழந்தை அழுகை எல்லாம் கேட்டது. ஒவ்வொரு எண்ணாகத் தட்டினார். கொஞ்ச நேரத்தில் ஒரு கனத்த ஆண் குரல், நான் யார் தெரியுமா என்கிற மாதிரி, படுக்கை வேண்டும் என்றது. எங்கள் அறையில் மூவரும் ஃபோனைச் சுற்றிக் குனிந்தோம்.

லட்சுமி மிகவும் பணிவாகச் சொன்னார்: "ஸார், மை க்யா கரூ? கம்ப்யூட்டர் நஹி தே ரஹா."

நான் என்ன செய்ய, கம்ப்யூட்டர் தரமாட்டேன் என்கிறதே. அந்தக் குரல் இன்னும் இரண்டு தடவை உயர்ந்தது. கம்ப்யூட்டருக்குக் காது கேட்கவில்லை. ஆஸ்பத்திரி அனுப்பிய ஒவ்வொருவரும் அந்தப் படகில் படுத்துக்கொண்டு வந்தார்கள். பிஸ்வாஸ் நாற்காலியில் சாய்ந்து, காலையில் உள்ளிழுத்த மூச்சை அப்போதுதான் விட்டார் என்று நினைக்கிறேன்.

கதை இங்கேயே முடிந்திருந்தால் உங்கள் எடிட்டரில் அந்தப் பட்டன் இருந்திருக்கும்.

மறுநாள் சங்கரன் சார் மூவரையும் கூப்பிட்டார். "நேத்து தப்பிச்சோம். சரி. ஏம்மா, பென் டிரைவ்ல என்ன கொறச்சல் இருந்துச்சுங்கேன்? அது ஒரு நாளாவது முழுசா அழிச்சிருக்கா? எல்லாத்தையும் கழட்டிருங்க. அதுக்கு முன்னால யாரு அழிச்சதுன்னு அந்த ஹிஸ்டரியில இருந்து எடுத்து எனக்கு எழுத்துல குடுங்க."

"அதுல இருக்காது சார். சேர்த்ததைத்தான் அது வெச்சுக்கும். கைவிட்டதை யார் கைவிட்டாங்கன்னு பதியாது" என்றேன். அது உண்மை. உண்மையாக இருந்ததில் எனக்குச் சந்தோஷமும் கூட.

"அப்ப யாருன்னு எப்படித் தெரியும்?"

நான் வாய் திறப்பதற்குள் பிஸ்வாஸ் எழுந்து நின்றார். "மைனே கியா, ஸார்." நான்தான் செய்தேன்.

சங்கரன் சாருக்கு அது போதவில்லை, அல்லது அதிகமாகப் போய்விட்டது. அவர் கோபம் இறங்க இடம் கிடைக்காமல் மேசையைத் தடவிக்கொண்டிருந்தார். நான் சொன்னேன்: "சார், நம்மில் நல்லா எழுதுறவர் இவர். இவரே அந்தப் பட்டனைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டார்னா, பட்டனை மாத்தணும். கழட்டினா நாளைக்கு மறுபடி 'ஃபைனல்', 'நியூ ஃபைனல்'தான். எனக்குக் கொஞ்சம் அவகாசம் குடுங்க. சரியா வரலேன்னா நானே கழட்டித் தர்றேன்."

"அடுத்த மாசம் ஆடிட் வருது. அதுக்குள்ள சரியாயிருக்கணும்" என்றார். எழுத்தில் கேட்டதைப் பற்றிப் பிறகு அவர் பேசவே இல்லை.

எனக்குக் கொடுத்த அவகாசத்தில் முதலில் நான் ஒரு வரிகூட எழுதவில்லை. ஒவ்வொருவர் முதுகுக்குப் பின்னாலும் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அவர்கள் கை எங்கே போகிறது, கண் எங்கே போகாமல் இருக்கிறது என்று பார்த்தேன். மென்பொருள் கேட்கும் கேள்வியை ஒருவரும் படிப்பதில்லை. படிக்காமலேயே 'சரி' என்கிறார்கள். நானும்தான். இதைப் பார்த்த பிறகு வேலை சுலபமாகிவிட்டது. வரைகருவியில் சேமித்தாலும் ஒரு நகல் தானாகவே மேசைக்கடிக் கணினிக்குப் போகும்படி இணைத்தேன். டெஸ்க்டாப்பில் எந்த ஃபோல்டரைத் திறந்தாலும் சிவப்பும் பச்சையும் தெரியும்படி செய்தேன். 'எல்லாவற்றையும் கைவிடு' என்பதை மெனுவிலிருந்து எடுத்தேன். ஒரு கோப்பைக் கைவிட வேண்டுமானால் கைவிடலாம். அப்போதும் முதலில் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டுதான் விடும்.

பிஸ்வாஸ் அந்த நாட்களில் ஓரப் பட்டையின் பக்கம் மௌஸைக் கொண்டுபோகவே இல்லை. வேலையை முடித்துவிட்டு நசீரைக் கூப்பிட்டு, "நீ சேர்த்துவிடு" என்பார். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. ஒரு காலையில் அவர் மேசைக்குப் போய், "பிஸ்வாஸ்-தா, இனிமே எல்லா மெஷின்லயும் இதைப் போட்டுக் குடுக்கிறது உங்க பொறுப்பு" என்றேன்.

"தமாஷா, தீதி? என்னிடமா?"

"இது எங்கே கடிக்கும்னு நம்ம மூணு பேர்ல உங்களுக்குத்தானே தெரியும்."

அவர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு ஜன்னலைப் பார்க்கத் தொடங்கினார். சரி, போயிற்று என்று நினைத்தேன். மறுநாள் அவராகவே வந்து, "அந்தக் கேள்வியை மாற்ற வேண்டும். உறுதியா என்று கேட்டால் எல்லோரும் உறுதி என்பார்கள். எந்தெந்தக் கோப்பு போகும், அது யார் எழுதியது என்று பெயர் போட்டு இந்தியில் காட்ட வேண்டும். தன் பெயரைப் பார்த்தால் கை நின்றுவிடும்" என்றார். நீங்கள் இன்று பார்க்கிற அந்தப் பெட்டி அவர் எழுதியது.

ஆடிட் வந்தது, போனது. சங்கரன் சார் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஒரு நாள் தன் கணினியிலும் அந்தப் பச்சைப் புள்ளிகளைப் போட்டுத் தரச் சொல்லி பிஸ்வாஸைக் கூப்பிட்டனுப்பினார்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில காலம் முன்பு, ஒரு மாலை, சாத்தம் படகுத்துறையில் வீட்டுக்குப் போக பாம்பூஃப்ளாட் ஃபெரிக்காக நின்றுகொண்டிருந்தேன். கயிற்றை அவிழ்க்கப்போகும் நேரம் நசீர் கூப்பிட்டான். குரலில் பதற்றம் இருந்தது. ஆனால் பழைய பதற்றமாக இல்லை.

"மேடம், கட்டண டேபிள் பூரா தப்பா ஏறிடுச்சு. நாந்தான் ஏத்தினேன். கவுண்டர்ல எல்லாருக்கும் ஒரே கட்டணம் காட்டுது."

நான் வரிசையிலிருந்து விலகித் திரும்பி நடக்கத் தொடங்கியிருந்தேன். "எதையும் தொடாதே. நான் வர்றேன்."

"வேணாம் மேடம். பிஸ்வாஸ் சார் பழசை எடுத்துப் போட்டுட்டார், ஓடிக்கிட்டிருக்கு. உங்களுக்குத் தெரியட்டும்னுதான் சொன்னேன்." பின்னால் பிஸ்வாஸ் ஏதோ சொல்வது கேட்டது. நசீர் சிரித்தான். "நீங்க ஃபெரியில ஏறிடுங்கன்றார். மழை வருதாம்."

நான் ஓடிப்போய் ஏறிக்கொண்டேன்.